இறகு மடக்கும் டிரோன்

சின்ன டிரோனுக்குக் காற்றுதான் பெரிய சோதனை. எதிர்க்காற்று வலுத்தால் அதன் வேகம் முழுவதும் இருந்த இடத்தில் நிற்பதற்கே செலவாகிவிடும். அகன்ற சிறகு இருந்தால் மெதுவாகப் பறக்கலாம், சட்டென்று திரும்பலாம். ஆனால் வீசியடிக்கும் காற்று அந்த அகலத்தைத்தான் பிடித்துத் தள்ளும். சிறகு குறுகலாக இருந்தால் காற்றைக் கிழித்துப் போகலாம். வேகம் தணிந்தால் விழ வேண்டியதுதான்.

இரண்டில் ஒன்று என்பதை ஏற்க மறுத்தார்கள், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் டாரியோ ஃப்ளோரியானோவின் ஆய்வுக்கூடத்தினர். 2016-இல் அவர்கள் காட்டிய டிரோனில் சிறகின் வெளிப்பகுதிச் செயற்கை இறகுகள் விசிறிபோல மடங்கி விரிந்தன. அது திரும்பும் விதம் பேரழகு! ஒரு பக்கச் சிறகை மட்டும் மடக்குகிறது. அந்தப் பக்கம் தூக்குவிசை குறைய, உடல் அங்கே சாய்கிறது. சிறகின் பின்விளிம்பில் தனியாக அசையும் மடல்கள் வேண்டியதில்லை. 2020-இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த லிஸ்ஹாக் என்ற டிரோன், கோஷாக் என்னும் காட்டு வேட்டைப் பறவையைப் பார்த்து வாலையும் விரிக்கக் கற்றுக்கொண்டது.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிஜியன்பாட் என்ற டிரோன் 40 நிஜப் புறா இறகுகளோடு பறந்தது. சிறகு விரியும்போது பக்கத்துப் பக்கத்து இறகுகள் கண்ணுக்குத் தெரியாத நுண்கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கொந்தளிக்கும் காற்றிலும் இடையே சந்து விழுவதில்லை. மடங்கும்போது தாமாகவே விட்டுவிடுகின்றன. உருமாறும் சிறகுகளைப் பற்றி நான் படித்ததில் இந்தப் பிடிமானத்துக்கே முதலிடம் தருவேன்.