சுவிப்ற்றின் அங்கதமும் அவர்காலச் சமய அரசியலும்

“கலிவரின் யாத்திரை” என்னும் நூலால் உலகப்புகழ் எய்திய யொனதன் சுவிப்ற் (1667–1745) மானிட இனத்தையே வெறுத்தவர் என்பது திறனாய்வாளர் சிலர் நெடுங்காலமாகச் சுமத்திவரும் பழியாகும். அவர்காலத்து அரசியலையும் சமயத்தையும் நோக்காது அவர் நூல்களைக் கற்போர்க்கு அப்பழி பொருந்துவதுபோலத் தோன்றும்.

ஆங்கிலேயப் பெற்றோர்க்கு டப்ளின் நகரிற் பிறந்த சுவிப்ற், அங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். அயர்லாந்து மக்களுட் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வடபகுதியிற் பிறெஸ்பிற்றேரியர் மிக்கிருந்தனர். எனினும், சிறுபான்மையோரின் திருச்சபையே அரசின் திருச்சபையாய் விளங்கிற்று. அதன் உரிமை இம்மியும் குறைதல் ஆகாதென்பது சுவிப்ற்றின் உறுதி. 1704ஆம் ஆண்டில் வெளிவந்த “தொட்டியின் கதை” கத்தோலிக்கரையும் சீர்திருத்தத் தீவிரரையும் எள்ளி நகையாடுகின்றது. விக் கட்சியினரோடு பழகிவந்த அவர் 1710இல் தோரி கட்சியைச் சார்ந்தமைக்குத் திருச்சபைப் பற்றும் ஒரு காரணமாம். 1714இல் ஆன் அரசியார் இறந்ததும் தோரிகள் வீழ்ந்தனர். இங்கிலாந்தில் உயர்பதவி பெறும் அவர் நம்பிக்கையும் உடன் வீழ்ந்தது.

டப்ளினிலே தங்க நேர்ந்த சுவிப்ற் அந்நாட்டின் குரலானார். வூட் என்பார் அயர்லாந்துக்குச் செப்புக்காசு அடிக்கப் பெற்ற உரிமையை எதிர்த்து, 1724இல் துணிவணிகர் ஒருவர் எழுதுவனபோலக் கடிதங்கள் வரைந்தார். எழுதியவரைக் காட்டிக்கொடுப்போர்க்கு அரசாங்கம் 300 பவுண் பரிசு அறிவித்தும் எவரும் முன்வந்திலர். அடுத்த ஆண்டிலே அவ்வுரிமை கைவிடப்பட்டது.

ஆங்கில ஆதிக்கத்தை இங்ஙனம் எதிர்த்தவர், கத்தோலிக்கரை ஒடுக்கிய சட்டங்களை நீக்குமாறு போராடினாரல்லர். இது அவர் வாழ்க்கையின் பெருமுரண். ஆயின், 1729இல் எழுதிய “அடக்கமான யோசனை” அவர் கொள்கையின் எல்லையைக் கடந்து நிற்கின்றது. ஆண்டுதோறும் பிறக்கும் ஏழைக் குழந்தைகள் 120,000 பேரில் 100,000 பேரைச் செல்வர்க்கு உணவாக விற்கலாமென அதிற் பேசுவோன் அமைதியாகக் கணக்கிடுகின்றான். கத்தோலிக்கர் தொகை குறையும் என்பதே அவன் கூறும் நன்மைகளுள் முதலாவது! தம் சபையினரின் நெஞ்சிற் கிடந்த வன்மத்தையே சுவிப்ற் அவன் வாயில் வைத்துக் காட்டுகின்றார். நம் இலக்கணநூலார் பழிகரப்பு அங்கதம் என வகுத்ததற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

மானிடரை வெறுத்தவர்க்கு அக்குழந்தைகளின் பொருட்டு இத்துணைச் சினம் எழுந்திராது. கொள்கையாற் குறுகி நின்ற குருவானவரை அவருடைய கலையே விரிவடையச் செய்தது. அவர் அங்கதம் இன்றும் நிலைபெறுதற்குக் காரணமும் அதுவே.