செப்பும் பந்தும் நூறு மார்க்கும்

ரெண்டு வாரமா ராத்திரி வேலை முடிந்ததும் யூடியூபில் மேஜிக் போட்டிகள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபிஸ்ம் என்று ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு, 1948ல் தொடங்கியது. மூணு வருஷத்துக்கு ஒருமுறை உலகப் போட்டி நடத்துகிறார்கள். நான் பார்ப்பது குளோஸ்-அப் பிரிவை மட்டும். ஆளை ரெண்டாக அறுப்பதெல்லாம் எனக்குச் சுவாரசியமில்லை. ஒரு மேசை, ரெண்டு கை, கையளவுச் சாமான், அது போதும்.

போட்டியாளருக்கு 5 நிமிஷத்திலிருந்து 10 நிமிஷம் வரை. நடுவர்கள் நூற்றுக்கு மார்க் போடுவார்கள். கைத்திறன், வழங்கும் விதம், புதுமை, மாயச்சூழல் என்று கணக்கு போகும். (மாயச்சூழலுக்கு எப்படி மார்க் போடுவது என்று யாராவது சொன்னால் நல்லது. எங்க ஆபீஸ் அப்ரைசலிலும் இப்படி ஒரு காலம் உண்டு.)

2012 பிளாக்பூலில் குளோஸ்-அப் கிராண்ட் பிரீ வாங்கியவர் பிரான்ஸின் யான் ஃப்ரிஷ். உலோகக் கோப்பை, சிவப்புப் பந்து. பந்து போகமாட்டேன் என்கிறது. வேண்டாத இடத்திலெல்லாம் வந்து நிற்கிறது, கடைசியில் வாயிலிருந்துகூட. வித்தைக்காரர் பந்தை ஆட்டுவதுதானே வழக்கம்? இங்கே பந்து அவரைப் பாடாய்ப்படுத்துகிறது. நான் பார்த்ததிலேயே சிறந்தது இதுதான். நாலு தடவை பார்த்தேன், நாலு தடவையும் சிரித்தேன். 2018 பூசானில் ஜெயித்த தைவானின் எரிக் சியெனை ஒரு தடவைக்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை. சீட்டு, நாணயம், ரிப்பன் எல்லாம் கண்ணெதிரே நிறம் மாறுகிறது. கை அபாரம், ஒரு பிசிறு கிடையாது. ஆனால் முழுக்க இசைக்கு அமைத்த நடனம். எதிரே இருப்பது மனுஷனா கேமராவா என்று அவருக்குக் கவலை இல்லை. அரங்கில் பெரும்பாலானோர் பார்ப்பதும் திரையைத்தான். அப்புறம் அதில் என்ன குளோஸ்-அப்?

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில், நான் நாலாவது படிக்கும்போது, ரோட்டோரம் குந்தியிருந்த ஒருவர் மூணு மரச் செப்பும் துணிப்பந்தும் வைத்து ஆடினார். நம்மூர்ச் செப்புக்கு மேலே ஒரு குமிழ் இருக்கும், விரலிடுக்கில் பிடிக்க. ஐரோப்பியக் கோப்பைகளுக்கு அது இல்லை, ஒன்றை ஒன்றுக்குள் அடுக்கலாம். குமிழ் இருந்தால் அடுக்க முடியாது, எல்லா வேலையும் கவிழ்க்கிற அந்த நொடிக்குள்ளேயே முடியணும். (எப்படி என்று எழுதப்போவதில்லை.) மேசை இல்லை, சுற்றி நாலு பக்கமும் ஆள். என்னைப் பார்த்து "லே மக்கா, கையை நீட்டுடே" என்றார். பொத்திய என் கைக்குள் ஒரு பந்து இருக்கிறது என்று நான் சத்தியம் பண்ணத் தயார். திறந்தால் ரெண்டு. அந்த ரெண்டாவது பந்தின் கனம் இன்னும் கையில் இருக்கிறது. எந்த வீடியோவிலும் அது கிடைக்காது.

செப்பு என்றால் சிமிழ். மேஜிக்குக்கு நாம் வைத்திருக்கும் செப்படி வித்தை என்ற பெயரே இந்த ஆட்டத்திலிருந்து வந்ததுதான். இன்று அது அரசியல் மேடைத் திட்டு. மலையாளத்தில் 'செப்பும் பந்தும்' என்றே பெயர், வாழக்குன்னம் நம்பூதிரி அதில் பேர்போனவர். ரோமில் செனெகாவும் கிண்ணமும் கூழாங்கல்லும் வைத்து ஆடுபவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஏமாறுவதில்தான் அவருக்கு இன்பம், சூட்சுமம் தெரிந்துவிட்டால் ஆர்வம் போய்விடுமாம். அப்படியானால் மாநாட்டில் உட்கார்ந்திருக்கும் மேஜிக்காரர்கள் எதை ரசிக்கிறார்கள்? வேலைத்திறத்தை. நல்ல கோடைப் பார்த்து நாங்கள் தலையாட்டுவது மாதிரி. அது ஒரு ரசனைதான், ஆனால் வேறு ரசனை. ஃப்ரிஷ் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அவர் ரெண்டு கூட்டத்தையும் ஏமாற்றினார்.

மார்க் பட்டியலில் இல்லாத இன்னொன்று, வித்தைக்காரர் எங்கே உட்கார்ந்து ஆடுகிறார் என்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து லண்டன் போய்ப் பேர் வாங்கிய ராமோ சாமி (நம்ம ராமசாமிதான்) 1850ல் செத்தபோது அடக்கச் செலவுக்குக் காசில்லை. 1959ன் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ ஜோசியம் சொல்லியோ நிகழ்ச்சி காட்டியோ காசு வாங்குவதையும் பிச்சையில் சேர்க்கிறது. இந்தச் சட்டம் டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அங்கே ஷாதிபூரில் வித்தைக்காரர்கள் வாழ்ந்த கட்புத்லி காலனியை 2017ல் இடித்தார்கள். பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2018 ஆகஸ்டில். பூசான் போட்டி நடந்த அதே வருஷம்.

ஒரே ஆட்டத்துக்கு அங்கே கோப்பை, இங்கே லத்தி. மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, பத்து நிமிஷம் கொடுத்து, இசை போட்டால் நம் செப்புக்காரர் எத்தனை மார்க் வாங்குவார்? வழங்கும் விதத்தில் குறைவாகத்தான் வாங்குவார். அவர் ஆட்டத்தில் பாதி பேச்சு, அதுவும் கூட்டத்தைப் பார்த்து அந்த நிமிஷம் எழும் பேச்சு. மொழிபெயர்ப்பாளரை வைத்தா ஆட முடியும்?

இந்த டிசம்பர் 3 அன்றும் சவேரியார் கோயில் தெருவில் முழுசா ஒரு சுற்று நடந்தேன். ராட்டினம் இருந்தது, பேரீச்சம்பழக் கடை இருந்தது. ரோட்டோரத்தில் பைக் நிறுத்தியிருந்தார்கள்.