எதிரெதிராகச் சுழன்ற டிரம்

2000-ஆம் ஆண்டில் பிரிட்டனின் டைசன் நிறுவனம் கான்ட்ராரொட்டேட்டர் என்ற வாஷிங் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வழக்கமாக ஒரே உருளையாக இருக்கும் டிரம்மை நடுவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி வலமாகவும் மறுபாதி இடமாகவும் சுற்றும்படி அமைத்திருந்தார்கள். கால் மணி நேரம் கையால் துவைத்த துணி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நல்லதொரு இயந்திரத்தில் ஓடிய துணியைவிடச் சுத்தமாக இருந்தது என்பது அந்நிறுவனம் தன் சோதனைகளிலிருந்து சொன்ன செய்தி. கை செய்வதை எஃகு டிரம்மால் ஏன் செய்ய முடியவில்லை என்ற கேள்வியில் பிறந்த இயந்திரம் அது. விலை அதிகம், தயாரிப்புச் செலவு அதைவிடப் பெரிய சுமை. சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்துவிட்டது.

விற்பனையில் தோற்றது என்பதாலேயே அந்த யோசனையையும் தோற்றதாகக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. துணியைத் துவைக்கும் அசைவை மேம்படுத்த வேண்டும் என்று இன்று ஒரு பொறியாளர் உட்கார்ந்தால், முதலில் படிக்க வேண்டியது அந்த இயந்திரத்தைத்தான். அதன் கேள்வி சரியா, விடை சரியா என்று தனித்தனியாக எடைபோட வேண்டும்.

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹெர்பெர்ட் சின்னர், 1959-இல் சலவையை நான்கு காரணிகள் சேர்ந்த ஒரு வட்டமாக வகுத்தார்: சோப்பு முதலான வேதிப்பொருள், வெப்பம், நேரம், இயக்கம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். இன்றைய இயந்திரங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வெப்பத்தைக் குறைக்கிறோம். ஆற்றில் கலக்கிறதே என்று சோப்புத் தூளைக் குறைக்கிறோம். ஈடுகட்டுவதற்காக நேரத்தை இழுத்துக்கொண்டே போகிறோம். சிக்கனச் சுழற்சி மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடுவது இதனால்தான். மிச்சமிருக்கும் காரணி இயக்கம். அதை மேம்படுத்த முடிந்தால் மற்ற மூன்றிலும் மிச்சம் பிடிக்கலாம்.

டிரம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். உள்விட்டம் 48 சென்டிமீட்டர் உள்ள ஒரு டிரம், நிமிடத்துக்குச் சுமார் 61 முறைக்கு மேல் சுற்றினால், உச்சிக்குப் போன துணி கீழே விழாது. சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றிவரும். அதனால் துவைக்கும்போது வேகம் அந்த வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். அப்போது துணி பாதிக்கு மேல் ஏறி, பிடி தளர்ந்து, கீழேயுள்ள நீரிலும் மற்றத் துணிகளின் மேலும் விழுகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து? அதிகபட்சம் டிரம்மின் விட்டம் அளவுக்கு. விழுந்து மோதும் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர் என்பதே அதன் உச்சம். தலைக்கு மேல் ஓங்கித் துவைகல்லில் அடிக்கும் துணி ஒன்றரை மீட்டர் இறங்குகிறது, அதோடு தோளின் விசையும் சேர்கிறது. ஈர்ப்பு விசையை மட்டும் கணக்கில் எடுத்தாலே அடியின் ஆற்றல் மும்மடங்கு. அமெரிக்காவில் பென்டிக்ஸ் நிறுவனம் 1937-இல் வீட்டுக்கான முன்கதவுத் தானியங்கி இயந்திரத்தைக் காட்டிய நாளிலிருந்து இந்த வரம்பு அப்படியே இருக்கிறது. எந்த மோட்டாராலும் இதை மாற்ற முடியாது. டிரம்மைப் பெரிதாக்கலாம், ஆனால் சமையலறை மேடைக்கடியில் அது நுழைய வேண்டுமே.

ஆனால் அடியின் வலிமைதான் குறையா? அப்படித் தோன்றவில்லை. ஒரு படுக்கை விரிப்பையும் நாலைந்து சட்டைகளையும் காலுறைகளையும் ஒன்றாகப் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியே பாருங்கள். பத்து நிமிடத்தில் விரிப்பு பந்தாகச் சுருண்டுகொள்ளும், காலுறைகளையும் ஒரு சட்டைக் கையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு பந்தின் வெளிப்பக்கம் மட்டும்தான் நீரில் அடிபடுகிறது, மற்றத் துணிகளோடு உரசுகிறது. உள்ளே இருப்பவை ஒன்றையொன்று தொட்டபடி அசையாமல் கூடவே சுற்றுகின்றன. பந்து நூறு முறை விழுந்தாலும் நடுவில் இருக்கும் காலுறைக்கு அது துவையல் ஆகாது. கை இப்படிச் செய்வதில்லை. கும்மும்போது துணியை மடித்து, அழுத்தி, பிரித்து, வேறு பக்கம் மடித்து மீண்டும் அழுத்துகிறோம். ஒவ்வொரு அழுத்தத்திலும் சோப்பு நீர் நூலிழைகளுக்கு இடையிலிருந்து பிதுங்கி வெளியேறுகிறது, விட்டதும் புதுநீர் உள்ளே போகிறது. காலரைக் கசக்கும்போது துணிமேல் துணி வழுக்குகிறது. கைக்கும் டிரம்முக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, அசைவு துணி முழுக்கப் பரவுகிறதா என்பதில் இருக்கிறது.

டைசனின் பொறியாளர்கள் இதைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். இரண்டு பாதிகளின் எல்லையில் குறுக்காகக் கிடக்கும் துணியின் ஒரு முனை மேலே இழுபடும்போது மறுமுனை கீழே இழுபடுகிறது. மூட்டை முறுகி, பிரிந்து, மடிகிறது. அதாவது கும்முதல் நடக்கிறது. நோயை அறிந்த விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

மருந்தில்தான் சிக்கல். ஒரே அச்சில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள் வேண்டும், திசையை மாற்ற ஒரு கியர் அமைப்பு வேண்டும், பிழியும்போது இரண்டு பாதிகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு அதிவேகத்தில் சுற்ற வேண்டும். வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவரைக் கேட்டால் முதலில் சொல்வது பேரிங்கும் ஆயில் சீலும்தான். சீல் தேய்ந்தால் நீர் பேரிங்குக்குப் போகும், பேரிங் துருப்பிடித்தால் பிழியும்போது வீடே அதிரும். அந்த இரண்டையும் இரட்டிப்பாக்கும் வடிவமைப்பு, பத்தாண்டு உழைக்க வேண்டிய பொருளுக்கு உகந்ததல்ல. இன்னொரு குறையும் உண்டு. எதிரெதிர் இழுப்பு வலுவாக இருப்பது இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் மட்டும்தான். கதவோரமும் பின்சுவரோரமும் கிடக்கும் துணிக்கு அது பழைய டிரம்மேதான். பரவலின் குறையைத் தீர்க்க வந்த இயந்திரம், தன் அசைவை ஓர் எல்லைக்கோட்டில் குவித்துவிட்டது.

மேம்பட்ட அசைவு என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது? விளம்பரப் படத்தில் சுழலும் நீலக் குமிழிகளை வைத்து அல்ல. சலவைச் சோதனைக் கூடங்களில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு துணித்துண்டைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண வெள்ளைப் பருத்தி, அதில் ஐந்து வட்ட ஓட்டைகள் வெட்டப்பட்டிருக்கும், ஓரம் தைக்கப்படாமல். துவைத்து எடுத்தபின் ஓட்டைகளின் விளிம்பில் எத்தனை நூல்கள் பிரிந்து தொங்குகின்றன என்று உட்கார்ந்து எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடினால் இயக்க விசை கூடுதல். எளிய சோதனைதான், ஆனால் நேர்மையானது: துவைக்கும் விசையை அது துணிக்கு நேரும் சேதமாகவே அளந்து காட்டுகிறது. இதோடு கறை பூசிய துண்டுகளும் ஓடும். எண்ணெயில் கலந்த கரி, ரத்தம், கோகோ, சிவப்பு ஒயின் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சோதிக்க வைத்தது. துவைத்தபின் துண்டு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று கருவியில் அளப்பார்கள். ஒயின் கறை வெளுப்பானுக்குத்தான் மசியும், இயக்கம் அதை அசைக்காது. கரியெண்ணெய்க் கறை அசைவுக்கு நன்றாகவே பதில் சொல்லும்.

இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீர்ப்பு சொல்ல முடியும். கரிக்கறை நன்றாகப் போயிருக்கிறது, ஓட்டையின் நூலும் அதே அளவு பிரிந்திருக்கிறது என்றால் அங்கே மேம்பாடு எதுவும் இல்லை. துணியின் ஆயுளைக் கொடுத்துச் சுத்தத்தை வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான். நூல் பிரியாமல் கரி மட்டும் போனால் அது மேம்பாடு. துண்டுகளை மூட்டைக்குள் பல இடங்களில் வைத்து, எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் வெளுத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சராசரி எண்ணை மட்டும் அறிவிக்கும் நிறுவனம், நடுவில் சிக்கிய காலுறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இயக்கத்துக்கே உள்ள ஓர் எல்லையையும் இங்கே வைக்க வேண்டும். சங்வூ ஷின், பாட்ரிக் வாரன், ஹோவர்ட் ஸ்டோன் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தெளிவாக்கியது. துணியில் நீர் ஓடுவது நூலுக்கும் நூலுக்கும் இடையில்தான். நூலுக்குள் இருக்கும் மிகச்சிறு துளைகளில் நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அங்கே புகுந்த அழுக்குத் துகளை எவ்வளவு கலக்கினாலும் வெளியே இழுப்பது கடினம். சோப்பு ஊறிய துணி நல்ல நீரில் அலசப்படும்போது, உள்ளே சோப்புச் செறிவு அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும் அந்த வேறுபாடே துகள்களை வெளியே இழுத்து வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். அலசல் என்பது சோப்பைப் போக்கும் வேலை மட்டும் என்று நினைத்து, தண்ணீரை மிச்சப்படுத்த அதை வெட்டும் வடிவமைப்பாளர் துவையலையே வெட்டுகிறார். நம் வீட்டுப் பெண்கள் இரண்டு வாளி மாற்றி அலசாமல் விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்கு இயற்பியல் துணை நிற்கிறது.

வேறு வழிகளில் முயன்றவர்களையும் பார்க்கலாம். மேல்கதவு இயந்திரங்களில் அடியில் தட்டு சுழன்று நீரைச் சுழிக்க வைக்கிறது. வேகம் உண்டு, ஆனால் சேலையும் பேன்ட்டும் கயிறாய்த் திரிந்து வெளியே வருவதை அனைவரும் பார்த்திருக்கிறோம். தண்ணீரும் கூடுதலாக வேண்டும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பர்கின்ஷா வளர்த்த முறை ஆயிரக்கணக்கான நைலான் மணிகளைத் துணிகளோடு சேர்த்துச் சுழற்றுகிறது. அசைவைப் பரப்புவதற்கு அதைவிட நல்ல யோசனை இல்லை என்றே சொல்லலாம். பெரிய சலவைக் கூடங்களுக்கு அது பொருந்தும். சட்டைப் பைகளிலும் தலையணை உறைக்குள்ளும் தங்கிவிடும் மணிகளை வீட்டில் யார் பொறுக்குவது?

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மோட்டாரில் நடந்த மாற்றம். நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் 1991-இலேயே மேல்கதவு இயந்திரத்தில் பெல்ட்டையும் கியரையும் தவிர்த்து, மோட்டாரை நேரடியாக இணைத்தது. எல்ஜி 1998-இல் நேரடி இணைப்பு மோட்டாரைக் கொண்டுவந்தது. நடுவில் பெல்ட் இல்லாததால் டிரம்மின் வேகத்தையும் திசையையும் நொடிக்கு நொடி மாற்ற முடிகிறது. வரம்புவேகத்தைத் தொட்டு உடனே நிறுத்தினால் துணி உச்சியிலிருந்து விழும். கால் சுற்று மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினால் துணிமேல் துணி உரசும். கொஞ்ச நேரம் சுவரோடு ஒட்ட வைத்தால் நீர் துணியை ஊடுருவிப் பிழியப்பட்டு வெளியேறும். அடித்தல், கசக்குதல், பிழிதல் மூன்றும் ஒரே டிரம்மில், கூடுதல் தண்டோ சீலோ இல்லாமல் கிடைக்கின்றன. பந்தாகச் சுருண்டதைத் திடீர்த் திசைமாற்றத்தால் பிரிக்கவும் முடியும்.

சாம்சங் 2017-இல் பெர்லின் கண்காட்சியில் வைத்த குயிக்டிரைவ் இன்னும் ஒரு படி போய், டிரம்மின் பின்தட்டை மட்டும் தனியாகச் சுழல விட்டது. விழும் துணியை அது முன்னும் பின்னுமாக நகர்த்துகிறது. கான்ட்ராரொட்டேட்டரின் மறுபிறவி என்றே இதைச் சொல்வேன். டிரம்மை வெட்டாமல் அதே பலனில் பெரும்பகுதியை எடுக்கிறது. துவைக்கும் நேரம் பாதிவரை குறையும் என்பது நிறுவனத்தின் கூற்று. ஆயினும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் தண்டுகளின் பிரச்சினை இங்கேயும் இருக்கிறது.

மென்மையாகத் துவைப்பதே துணிக்கு நல்லது என்ற பொதுக்கருத்தையும் அப்படியே ஏற்க முடியாது. நியூகாஸில் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மென்துணிச் சுழற்சியில்தான் பாலியெஸ்டர் நுண்ணிழைகள் அதிகம் உதிர்ந்தன. டிரம்மின் வேகத்தைவிட, துணிக்கு எவ்வளவு நீர் என்பதே பெரிய காரணமாகத் தெரிந்தது. நீர் நிறைய இருந்தால் அது இழைகளைப் பறித்துக்கொண்டு போகிறது. ஆகவே குறைந்த நீரில், அளவான விசையில், அடிக்கடி திசை மாறும் அசைவு என்பது கடலுக்கும் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் காலர் மிஞ்சுகிறது. அழுக்கு எங்கே இருக்கிறது என்று டிரம்முக்குத் தெரியாது. கழுத்துப்பட்டைக்கும் லுங்கியின் மடிப்புக்கும் ஒரே அளவு அசைவுதான் கொடுக்கும். சாம்சங்கின் ஆக்டிவ் டூயல்வாஷ் இதை ஒப்புக்கொண்ட இயந்திரம். மூடிக்கு அடியில் வரிவரியான ஒரு தொட்டி, மேலே ஒரு நீர்க்குழாய். காலரை அங்கேயே நின்று கசக்கி, அப்படியே கீழே தள்ளிவிடலாம். தொழில்நுட்பத்தின் தோல்வி என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். எனக்கு இது நல்ல பொறியியலாகப் படுகிறது. கண்ணும் விரலும் ஒரு நிமிடத்தில் முடிக்கும் வேலைக்காக முழு மூட்டையையும் மூன்று மணி நேரம் உருட்ட வேண்டியதில்லை.

கான்ட்ராரொட்டேட்டர் கேட்டது சரியான கேள்வி, தேர்ந்தெடுத்தது தவறான விடை. இன்று இந்த வேலையில் இறங்குபவர் டிரம்மைப் பிளக்கக் கூடாது. ஒற்றை டிரம், நேரடி மோட்டார், துணியின் எடையையும் அது சுருண்டிருப்பதையும் மோட்டாரின் சுமையிலிருந்தே அறிந்து அசைவை மாற்றும் கட்டுப்பாடு, குறைக்கப்படாத அலசல், காலருக்கு மூடிக்கடியில் ஒரு வரித்தொட்டி: இவையே போதும். தனியே சுழலும் பின்தட்டை, அதன் சீல் பத்தாண்டு தாங்கும் என்று சோதனையில் காட்டினால் மட்டும் சேர்க்கலாம். விற்பனைக்கு வருமுன் மூன்று எண்களைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்: கரிக்கறை எவ்வளவு போனது, ஓட்டை விளிம்பில் எத்தனை நூல் பிரிந்தது, மூட்டையின் நடுவிலிருந்த துண்டுக்கும் ஓரத்திலிருந்த துண்டுக்கும் வெண்மையில் எவ்வளவு வேறுபாடு. மூன்றாவது எண்ணைச் சிறிதாக்கும் இயந்திரத்துக்கே என் ஓட்டு.