ஒரு பெட்டி, ஐந்து பிரதிகள்
'பிளேட் ரன்னர்' சேகரிப்பாளர் பதிப்பை முன்வைத்து

'பிரதி' என்ற சொல்லை நமது விமர்சனத்தில் இரு பொருள்களில் கையாண்டு வருகிறோம். படைப்பைப் பிரதி என்கிறோம். படைப்பின் நகலையும் பிரதி என்கிறோம். இந்த இரட்டைப் பொருள் பல வேளைகளில் குழப்பம் தருவதுண்டு. ஆனால் ரிட்லி ஸ்கொட் இயக்கிய 'பிளேட் ரன்னர்' (1982) படத்தைப் பற்றிப் பேசப் புகும்போது அந்தக் குழப்பமே நமக்கு உதவிக்கு வருகிறது. மனிதரின் பிரதிகளைப் பற்றிய படம் அது. அந்தப் படமே ஐந்து பிரதிகளாக ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்டு 2007 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. அவற்றுள் எது படைப்பு, எது நகல், அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பனவே இங்கு எழும் கேள்விகள்.

பிலிப் கே. டிக் 1968இல் வெளியிட்ட நாவலொன்றைத் தழுவியது இப்படம். கதை நிகழும் காலம் 2019 நவம்பர், இடம் லொஸ் ஏஞ்சல்ஸ். வேற்றுக் கிரகங்களில் அடிமை வேலைக்கென்று உற்பத்தி செய்யப்பட்ட செயற்கை மனிதர் சிலர் தப்பிப் பூமிக்கு வருகின்றனர். அவர்களைத் தேடிக் கொல்வது டெக்கார்டின் தொழில். அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் நான்கே ஆண்டுகள். அவர்கள் புகைப்படங்களைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். ரேச்சல் என்ற பெண் தன் தாயின் படம் என்று ஒன்றைக் காட்டுகிறாள். அவளது ஞாபகங்கள் யாவும் வேறொருத்தியினுடையவை, அவளுக்குள் வைக்கப்பட்டவை என்று டெக்கார்ட் சொல்லிவிடுகிறான். ஞாபகம் பறிக்கப்படக் கூடியது, திருத்தப்படக் கூடியது, கம்பனியொன்றின் சொத்தாகக் கூடியது என்பதே படத்தின் அடிப்படையான அச்சம். அந்த அச்சம் படத்திற்கே நேர்ந்ததுதான் இதன் வெளியீட்டு வரலாறு.

1982 மார்ச்சில் டென்வரிலும் டலஸிலும் பரீட்சார்த்தப் பிரதியொன்று பார்வையாளருக்குத் திரையிடப்பட்டது. பார்த்தவர்கள் குழம்பினார்கள். தயாரிப்புத் தரப்பு பயந்துபோயிற்று. டெக்கார்டாக நடித்த ஹரிசன் ஃபோர்டின் குரலில் விளக்கவுரை சேர்க்கப்பட்டது. மழையும் இருளுமாய் நகர்ந்த கதையின் இறுதியில், காதலர் இருவரும் பச்சை மலைகளினூடே காரில் போகும் காட்சி ஒட்டப்பட்டது. அந்த மலைகள்கூட இந்தப் படத்திற்குச் சொந்தமானவையல்ல. ஸ்டான்லி குப்ரிக் தனது 'த ஷைனிங்' படத்திற்கென எடுத்துப் பயன்படுத்தாது விட்ட படச்சுருளிலிருந்து பெறப்பட்டவை. கடன் வாங்கிய ஞாபகம் என்று சொன்னாலும் பொருந்தும். இந்த வடிவமே 1982 ஜூன் 25ஆம் திகதி அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. வன்முறைக் காட்சிகள் சில விநாடிகள் கூடுதலாக அமைந்த இன்னொரு வடிவம் பிற நாடுகளுக்குப் போயிற்று. 'ஈ.டி.' திரையரங்குகளை நிறைத்திருந்த அந்தக் கோடையில் 'பிளேட் ரன்னர்' தோற்றது.

தோற்ற படம் பின்னர் எப்படிச் 'செவ்வியல்' ஆயிற்று? வீடுகளில்தான். வீடியோ கசற்றிலும், 1987இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட லேசர் வட்டிலும் இப்படம் இரண்டாம் ஆயுளைப் பெற்றது. இதற்கான காரணம் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு காட்சியில் டெக்கார்ட் ஒரு புகைப்படத்தை இயந்திரத்தில் செருகி, நிறுத்தி, பெருக்கி, மூலைக்குள் நுழைந்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்குள் ஒளிந்திருக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்கிறான். வீட்டுத் திரையின் முன் தொலையியக்கியுடன் அமர்ந்த பார்வையாளனும் அதையே செய்தான். நிறுத்தினான், பின்னோக்கி ஓட்டினான். சிட் மீட் வடிவமைத்த தெருக்களின் ஒவ்வொரு அங்குலமும் அப்படிப் பார்ப்பதற்காகவே செய்யப்பட்டவை போல நிறைந்திருந்தன. ஆகவே இந்தப் படத்தைப் பொறுத்தவரையில் வீட்டுப் பதிப்பைத் திரையரங்கின் எச்சில் என்று ஒதுக்கிவிட முடியாது. படம் வாசிக்கப்பட்ட இடம் அதுதான்.

அடுத்த திருப்பம் ஒரு தற்செயல். பரீட்சார்த்தப் பிரதி மீண்டும் கண்டெடுக்கப்பட்டு 1990இலும் 1991இலும் லொஸ் ஏஞ்சல்ஸில் திரையிடப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. வியாபாரம் இருப்பதைக் கண்ட வோர்னர் பிரதர்ஸ் 1992இல் 'இயக்குநர் தொகுப்பு' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. விளக்கவுரை போயிற்று, மலைப்பாதை போயிற்று, டெக்கார்டின் கனவில் ஓடிவரும் ஒற்றைக்கொம்புக் குதிரை வந்து சேர்ந்தது. ஆனால் அவசரத்தில் முடிக்கப்பட்ட அந்தத் தொகுப்பில் ஸ்கொட்டுக்கே முழுத் திருப்தி இருக்கவில்லை. உரிமைச் சிக்கல்கள் தீர்ந்து, சார்ல்ஸ் டி லோசிரிக்காவின் மீட்டுருவாக்கத் தயாரிப்பில், 2007இல் 'இறுதித் தொகுப்பு' உருவாயிற்று.

இறுதித் தொகுப்பு கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. இருளுக்குள் இருந்த விவரங்கள் வெளியே வந்திருக்கின்றன. ஸோரா கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் காட்சியில், பழைய பிரதிகளில் பொய்முடி அணிந்த மாற்று நடிகை அப்பட்டமாகத் தெரிவார். கால் நூற்றாண்டுக்குப் பின் நடிகை ஜோனா கசிடியை அழைத்து, அவரது முகத்தைப் புதிதாகப் படம்பிடித்துப் பொருத்தினார்கள். ரோய் பற்றி இறக்கும்போது அவன் கையிலிருந்து பறக்கும் புறா முன்பு தெளிந்த பகல் வானத்துக்குள் போனது. இப்போது இருண்ட வானத்துக்குள் போகிறது. இவை நியாயமான திருத்தங்கள். கைத்தவறுகளைத் துடைக்கக் கலைஞனுக்கு உரிமை உண்டு.

எல்லாத் திருத்தமும் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. பொலிஸ் அதிகாரி பிரையன்ட் ஆரம்பத்தில் ஒரு கணக்குச் சொல்கிறான்: தப்பி வந்தவர்கள் ஆறு பேர், ஒருவர் மின்வேலியில் சிக்கி இறந்தார். மீதி ஐவர் இருக்க வேண்டும். படத்தில் வேட்டையாடப்படுவோர் நால்வரே. அந்த ஐந்தாவது ஆள் யார்? படப்பிடிப்புக்கு முன் நீக்கப்பட்ட ஒரு பாத்திரத்தின் மிச்சம் அது என்பது தொழில்முறை விளக்கம். பார்வையாளர்கள் வேறு விதமாக வாசித்தார்கள். காணாமற்போனவன் டெக்கார்டே என்றார்கள். வேட்டைக்காரனே பிரதி என்றார்கள். ஒரு பிழையின் இடுக்கில் ஒரு முழு வாசிப்பு முளைத்து இருபத்தைந்து ஆண்டுகள் தழைத்தது. இறுதித் தொகுப்பில் பிரையன்ட், இறந்தவர் இருவர் என்கிறான். கணக்குச் சரியாகிவிட்டது. வாசகர்கள் புழங்கிய ஒரு கதவு சாத்தப்பட்டும் விட்டது.

டெக்கார்ட் ஒரு பிரதிமனிதனே என்று ஸ்கொட் பின்னாளில் வெளிப்படையாகக் கூறினார். அவனை நடித்த ஃபோர்ட் நீண்ட காலம் அதற்கு இணங்கவில்லை. 1982இன் பிரதியில், முடிவில் கிடக்கும் காகிதக் குதிரை, துப்பறிவாளன் கஃப் அங்கே வந்தும் ரேச்சலைக் கொல்லாமல் போனான் என்பதற்கான அடையாளம் மட்டுமே. கனவு சேர்க்கப்பட்ட பின்னர் அதே காகிதம் டெக்கார்டின் கனவைக்கூடப் பிறர் அறிவர் என்று சொல்கிறது. பொருள் ஒன்று, பிரதி இரண்டு, அர்த்தம் இரண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்கே இந்த விவாதம் புரியும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்கள் தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்தாலும், கொள்ளாத பாடங்களை அடிக்குறிப்பில் காப்பாற்றியது இதற்காகத்தான்.

திருத்தம் எதைத் தொடுகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பதும் கவனத்துக்குரியது. செயற்கைப் பாம்பு விற்கும் அப்துல் பென் ஹசனை டெக்கார்ட் அதட்டி விசாரிக்கும் காட்சியில், முன்பு ஃபோர்டின் உதட்டசைவும் பேச்சும் பொருந்தவில்லை. 2007இல் ஃபோர்டின் மகனை அழைத்து, அவர் பேசும் வாயைப் படம்பிடித்துத் தந்தையின் முகத்தில் ஒட்டினார்கள். உதடு சரியாயிற்று. எதிர்கால நகரத்திலும் அப்துல் என்ற பெயருக்குப் பாம்புக் கடையும் பொலிஸ் மிரட்டலுமே பங்காகக் கிடைக்கின்றன என்ற பார்வை அப்படியே இருக்கிறது. அதையும் கணினியால் துடைத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1982இன் ஹொலிவூட் கிழக்கை எப்படிப் பார்த்தது என்பதற்கு அது சாட்சி. சாட்சி கலையாமல் இருக்க வேண்டும். மெருகூட்டுபவனின் கண்ணுக்குத் தன் கூச்சமே பிழையாகத் தெரியும் என்பதையே இங்கு குறித்துக்கொள்கிறேன்.

இனிப் பெட்டிக்கு வருவோம். டிவிடி வடிவில் இது மூன்று தரங்களில் வந்தது. இரண்டு இறுவட்டுப் பதிப்பில் இறுதித் தொகுப்பும், மூன்றரை மணி நேர 'டேஞ்சரஸ் டேய்ஸ்' ஆவணப்படமும் இருந்தன. நான்கு இறுவட்டுப் பதிப்பில் 1982இன் இரு வடிவங்களும் 1992இன் தொகுப்பும் ஒரே வட்டில் சேர்ந்தன. பரீட்சார்த்தப் பிரதியோ ஐந்தாம் வட்டில். அது கைப்பெட்டி வடிவில் வந்த உச்சப் பதிப்பை வாங்கியவருக்கு மட்டும். ஆக, குறைந்த விலைக்கு வாங்கியவனுக்குக் கிடைத்தது கம்பனியும் இயக்குநரும் இணங்கிய ஒரே படம். அதன் கடந்த காலம், பணம் கூடக் கூடப் படிப்படியாகத் திறக்கப்பட்டது. ஞாபகம் தரவரிசைப்படி விற்கப்படும் இந்த ஏற்பாட்டைப் படத்தில் வரும் டைரல் கம்பனி கண்டிருந்தால் பாராட்டியிருக்கும்.

அந்தக் கைப்பெட்டிக்குள் ஒரு பறக்கும் காரின் சிறு மாதிரி, சில படங்கள், ஸ்கொட்டின் கடிதம், ஒரு ஒற்றைக்கொம்புக் குதிரையின் உருவம் ஆகியனவும் இருந்தன. கஃப் கைக்குக் கிடைத்த தாளை மடித்துச் செய்த அற்பப் பொருள் அந்தக் குதிரை. ஒன்றே ஒன்றாக இருந்ததில்தான் அதன் பொருள் தங்கியிருந்தது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டுப் பெட்டிக்குள் வரும்போது அது வெறும் விளையாட்டுச் சாமான். சேகரிப்பாளன் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம். ஐந்தாம் வட்டின் மங்கிய, முடிவுறாத படத்துக்கு முன்னால் அதற்குப் பெறுமதி ஏதுமில்லை.

இவ்வளவு குறை சொன்ன பின்னும் இந்தப் பெட்டியின் பக்கமே நான் நிற்கிறேன். மாறான நடத்தை எப்படியிருக்கும் என்பதை 'ஸ்டார் வோர்ஸ்' காட்டுகிறது. பழைய படங்களுக்கு வர்ணம் பூசுவதை எதிர்த்து 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் முன்பு பேசியவர் ஜோர்ஜ் லூகஸ். அவரே 1997இல் தன் படத்தில் புதிய உருவங்களையும் காட்சிகளையும் சேர்த்து, அதையே மூலமென நிறுவினார். 1977இன் வடிவம் 2006இல் ஒரு மேலதிக வட்டில் வந்தது. அதுவும் 1993இன் லேசர் வட்டுக்கெனத் தயாரித்த பழைய பிரதியிலிருந்து, மீட்டுருவாக்கம் எதுவுமின்றி. இரசிகர்கள் பழைய படச்சுருள்களைத் தேடித் தாமே மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஜூனில் லண்டனில், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் விழாவில், 1977இன் பிரதியொன்று திரையிடப்பட்டது பெரும் செய்தியாயிற்று. ஒரு படம் தன் சொந்த வடிவில் காட்டப்படுவது செய்தியாகும் அளவுக்கு அதன் வரலாறு மறைக்கப்பட்டிருந்தது. லூகஸ் திருத்தினார் என்பதில் எனக்கு வழக்கில்லை. திருத்தியபின் பழையதை ஒளித்தார் என்பதே வழக்கு. ஸ்கொட்டும் திருத்தினார். ஆனால் தான் விரும்பாத விளக்கவுரையையும் மலைப்பாதையையும் தன் திருத்தத்தோடு ஒரே பெட்டியில் இருக்க விட்டார்.

இந்த வேறுபாடு சேகரிப்பாளரின் பொழுதுபோக்கோடு முடிந்துபோவதல்ல. 2017இல் 4கே வடிவில் படம் மீண்டும் வந்தபோது அந்த உயர்தரம் இறுதித் தொகுப்புக்கு மட்டுமே வாய்த்தது. தொழில்நுட்பம் ஒரு படி ஏறும்போதெல்லாம் ஒரு பிரதி ஏறுகிறது, ஏனையவை கீழே நின்றுவிடுகின்றன. யாரும் எதையும் தடைசெய்யத் தேவையில்லை. அடுத்த வடிவுக்கு மாற்றாமல் விட்டாலே போதும். இணையவழியில் படம் பார்ப்பவனின் கையில் வட்டு எதுவும் இல்லை. வழங்குபவன் மாற்றிவைத்தால் மாறியதையே அவன் பார்ப்பான், மாறியதென்று அறியவும் மாட்டான். ரேச்சல் கையில் வைத்திருந்த புகைப்படத்தின் நிலைதான் அவனது ஞாபகத்திற்கும்.

ரோய் பற்றியாக நடித்த ருட்கர் ஹவர் 2019 ஜூலையில் காலமானார், அவரது பாத்திரம் மடியும் அதே ஆண்டில். படம் கற்பனை செய்த எதிர்காலம் இன்று நமக்குக் கடந்த காலம். தான் கண்டவையெல்லாம் தன்னோடு அழிந்துபோகும் என்று மழையில் அமர்ந்து சொன்ன அந்தச் செயற்கை மனிதனின் துயரத்துக்கு விடையாக எதையாவது செய்ய முடியுமென்றால், அது பிரதிகளைக் காப்பதுதான்: சிறந்ததை மட்டுமன்றித் தோற்றதையும், அவசரத்தில் ஒட்டியதையும், குழம்பியதையும். ஒரு சேகரிப்பாளர் பதிப்பை இனி மதிப்பிடுகையில், உள்ளே என்ன பொம்மை இருக்கிறது என்று கேளாது, எந்தப் பழைய வடிவத்தை இது உயிரோடு விட்டிருக்கிறது என்று கேட்போம்.

மூன்றாம் வட்டில் பிரையன்ட் இன்னும் பிழையாகவே எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் அப்படியே எண்ணட்டும்.