உள்ளிருந்து வளர்ந்த வீடு

கொழும்பில் பகதாலே வீதிப் பக்கம், 33ஆம் ஒழுங்கையில் இருக்கிறது கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீடு, 11ஆம் இலக்கம். தெருவில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்படியான முகப்பு எதுவும் கிடையாது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த வீட்டின் அழகெல்லாம் உள்ளேதான்.

வழக்கறிஞராக இருந்து, அதை விட்டுவிட்டு, 38 வயதில் கட்டடக் கலைஞரானவர் பாவா. 1958இல், ஒட்டினாற்போல் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் மூன்றாவதை வாங்கினார். நான்காவது காலியானதும் அது சாப்பாட்டு அறையாகவும் இன்னொரு கூடமாகவும் சேர்ந்துகொண்டது. பத்தாண்டுகளில் மற்ற இரண்டும் கைக்கு வர, வரிசையின் முதல் வீட்டை இடித்து மாடிகளாக எழுப்பினார். இங்கே உட்காரலாம், இங்கிருந்து அதைப் பார்க்கலாம் என்று ஒருவர் வாழ்ந்து பார்த்து முடிவு செய்ய, அதற்கேற்பச் சுவர்கள் எழுந்தன, விழுந்தன. உள் அலங்காரம் என்பது வீடு கட்டி முடித்தபின் செய்யும் ஒப்பனை என்று நினைப்பவர்களை நான் அழைத்துப்போக விரும்புவது இங்கேதான்.

நுழைந்ததும் நீண்ட வெள்ளை நடை. விறுவிறுவென்று கடந்துவிடாதீர்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கச் சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. அதனால் அங்கங்கே கூரையைத் திறந்து சின்னச் சின்ன முற்றங்கள் விட்டிருக்கிறார். நிழல், வெளிச்சம், மறுபடி நிழல் என்று மாறி மாறி வருவதால், அளவான இடமே போய்க்கொண்டே இருப்பதுபோல் தோன்றுகிறது.

தண்ணீர் உள்ள முற்றத்தருகே கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் தூண்கள் செட்டிநாட்டிலிருந்து வந்தவை. காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அங்கே வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றி நிற்கும் வரிசையில் இப்படியொரு தூண் பலவற்றில் ஒன்று. தனியாகக் கண்ணில் படாது. இங்கே பின்னால் வெறும் வெள்ளைச் சுவர், மேலிருந்து விழும் வெயில். செதுக்கலின் ஒவ்வொரு மடிப்பும் எடுப்பாகத் தெரிகிறது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒரு பொருளைச் சுற்றி இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுவைக்கும் துணிச்சல் சிலருக்குத்தான் வரும். பாவாவின் ரசனையை நான் புரிந்துகொண்டது அந்தத் தூண்களைவிட அந்தச் சுவரில்தான்.

கதவுகளையும் கவனியுங்கள். ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டியவை அங்கே இருக்கின்றன. பத்திக் துணிகளும் உண்டு. பெரும்பாலும் பாவாவின் நண்பர்களின் கைவேலை. யார் யாரோடு பழகினார், யாரோடு சேர்ந்து வேலை செய்தார் என்பதை அவற்றை வைத்தே சொல்லிவிடலாம். கார் நிறுத்துமிடத்தில் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ். பலரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

மாடிப்படியை விட்டுவிடாதீர்கள். கீழே எல்லாம் உள்நோக்கியே இருக்கும். மொட்டைமாடிக்கு வந்தால்தான் வானமும் அக்கம்பக்கத்துக் கூரைகளும் ஒருசேரத் திறக்கும். கீழ்த்தளத்தை ஏன் அவ்வளவு மூடி வைத்தார் என்பது அங்கே விளங்கும்.

வீட்டை ஜெஃப்ரி பாவா அறக்கட்டளை பராமரிக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் போங்கள். முற்றங்களில் வெயில் நன்றாக விழும் நேரமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.