பூதவரி: தொந்தியின் இலக்கணம்

கோயில் கூரைவளைவான கபோதத்தின் கீழ் செதுக்கப்படும் பூதகணங்களின் வரிசை பூதவரி எனப்படுகிறது. தொந்தியும் குட்டைக் கால்களுமாக மத்தளம் கொட்டி, சங்கு ஊதி, கூத்தாடும் உருவங்கள் இவை. முதலாம் பராந்தகன் காலத்துப் புள்ளமங்கைக் கோயிலில் சிறந்தவற்றைக் காணலாம்.

இவற்றை வெறும் அலங்காரமாகக் கொள்வது பிழை. சிற்ப மரபில் முதன்மைத் தெய்வத்தின் உயரம் முகநீளத்தைப்போல் பத்து மடங்கு (தசதாலம்); பூதத்துக்கு நான்கே மடங்கு. ஆகவே இந்தப் பருமன் கேலிக்காகக் கூட்டப்பட்டதல்ல, அதுவே இலக்கணம். நம் திரைப்பட நகைச்சுவை பருத்த உடலை அடிவாங்குவதற்கென்றே வைத்திருந்தது. சிற்பி அதற்கு ஆட்டத்தைக் கொடுத்தான்.

கொலம்பிய ஓவியர் ஃபெர்னாண்டோ பொட்டேரோவின் (1932–2023) பருத்த மனிதர்கள் பெரும்பாலும் உணர்ச்சியற்று உறைந்து நிற்பவர்கள். பூதங்களில் ஒன்றுகூடச் சும்மா இருப்பதில்லை. சிலவற்றுக்கு வயிற்றிலேயே முகம்! அண்ணாந்து பார்க்காதவர்களுக்குத்தான் இவை தென்படுவதில்லை.