பசியில்லாத உலகில் பிள்ளைகள் எங்கே வளர்கிறார்கள்?

என் முதுகலை மாணவிகள் நால்வர் வார இறுதிகளில் விடுதியறையில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறார்கள். ஒருமுறை என்னையும் உட்காரவைத்தார்கள். ஒருத்தி கதையை நடத்துகிறாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, செய்ய நினைப்பதைச் சொல்லிப் பகடையை உருட்டுகிறார்கள். அன்று எங்கள் குழு ஆஸ்ட்ரல் தளம் என்னும் மறுவுலகத்துக்குப் புறப்பட்டது. எத்தனை நாளைக்குச் சாப்பாடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். “அங்க பசிக்காது மேடம்” என்றாள் நடத்துகிறவள். எனக்குள் ஏதோ இளகியது. அன்று காலை மூன்று வேளைக்கும் சமைத்து மூடிவைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அந்த இளக்கத்தின் காரணம் தேடி விதிநூல்களை இரவல் வாங்கிப் படித்தேன்.

இவ்விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மறுவுலகங்களுக்கென்றே ஜெஃப் கிரப் எழுதிய ‘மேனுவல் ஆஃப் தி பிளேன்ஸ்’ 1987இல் வந்தது. தீயாலான தளம், நீராலான தளம், ஒழுங்கே இல்லாத தளம் என ஒவ்வொன்றும் உள்ளே வரும் உடலைச் சோதிக்கிறது. மந்திரமோ மந்திரப் பொருளோ வைத்திருப்பவர் பிழைக்கிறார். பெண்ணிய வாசிப்பு என்றதும் பலரும் 1978 விதிநூலைச் சுட்டுவார்கள். மனித ஆண் பாத்திரத்தின் வலிமை 18/00 வரை போகலாம், பெண்ணுக்கு 18/50தான் உச்சவரம்பு என்றது அது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவ்விதி நீங்கியது. அத்தகைய அநீதி எண்ணாக எழுதப்பட்டிருப்பதால் கண்ணில் படுகிறது, அழிக்கவும் முடிகிறது. எனக்கு உறுத்தியது எந்த எண்ணிலும் இல்லாத ஒன்று.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பின்படி ஆஸ்ட்ரல் தளத்தில் பசி இல்லை, தாகம் இல்லை, முதுமை இல்லை. அங்கே நினைத்தாலே நகரலாம். நுண்ணறிவு மதிப்பெண்ணை மூன்றால் பெருக்கினால் வருவது வேகம்: 10 என்றால் 30 அடி, 20 என்றால் 60 அடி. வயிறும் காலும் வேண்டாம், அறிவு மட்டும் போதும். உடலைக் கீழே வைத்து அறிவை மேலே வைக்கும் பழைய படிநிலை இங்கே ஓர் உலகத்தின் இயற்கைவிதியாகவே ஆகிவிடுகிறது.

இந்த வெளியில் வாழ்பவர்கள் கித்யாங்கிகள். பிரிட்டிஷ் எழுத்தாளர் சார்லஸ் ஸ்ட்ராஸ் இளவயதில் படைத்த இனம். 1981இல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’ நூலின் அட்டையிலேயே இடம்பெற்றது. மூளையைத் தின்னும் மைண்ட் ஃபிளேயர்களுக்கு அடிமைகளாக இருந்து, கித் என்ற பெண்ணின் தலைமையில் கிளர்ந்து விடுதலை பெற்றவர்கள். அவர்களை ஆள்பவளும் ஒரு பெண், சாவை வென்ற அரசி விலாகித். பெண்களும் ஆண்களும் சமமாகவே வாளேந்துகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நாம் கேட்ட எல்லாமே அங்கே கிடைத்துவிட்டது.

ஆனால் முதுமை வராத இடத்தில் குழந்தையும் வளராது. விதிநூல் இந்தச் சிக்கலை உணர்ந்திருக்கிறது, சில வரிகளில் தீர்த்தும் வைக்கிறது. கித்யாங்கிகள் பௌதிக உலகின் ஒதுக்குப்புறங்களில் கிரெஷ்களை அமைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நம் ஊரில் வேலைக்குப் போகும் தாய்மார்கள் தேடி அலையும் அதே கிரெஷ்தான். இவை போர்ப்பயிற்சிப் பள்ளிகளும்கூட. பிள்ளைகள் முட்டையிலிருந்து பொரிக்கிறார்கள். வளர்ந்து ஒரு மைண்ட் ஃபிளேயரைக் கொன்ற பிறகே பசியற்ற வெளியில் தம் இனத்தோடு சேர அனுமதி. அதாவது, ஆஸ்ட்ரல் தளம் தன்னளவில் நீடிக்க முடியாத உலகம். பசியும் மூப்பும் உள்ள ஓரிடத்தில் யாரோ ஊட்டி, துடைத்து, தூங்கவைத்து ஆளாக்கி அனுப்பினால்தான் அது நாளை இருக்கும். அந்த யாரோவைப் பற்றி விதிநூலின் அவ்வரிகளில் ஒரு சொல்லும் இல்லை.

2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டு நம்மை அப்படி ஒரு கிரெஷுக்குள்ளேயே கூட்டிப்போகிறது. அங்கே பொரியாமல் மிஞ்சிய ஒரு முட்டை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவன் ஓர் ஆண். அவனிடம் அதன்மேல் கரிசனமும் இருக்கிறது. எனவே ‘பராமரிப்பைப் பெண் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று எளிதாக முடித்துவிட முடியாது. யார் செய்தாலும், அந்த வேலை விளிம்புக்குத் தள்ளப்பட்டு, படைக்கு ஆள் சேர்ப்பதற்குக் கீழ்ப்பட்டதாக ஆகிறது. 1972இல் இத்தாலியின் பதுவாவில் வீட்டுவேலைக்குக் கூலி கேட்ட பெண்கள் சொன்னதும் இதற்கு நெருக்கமானதுதான்: உழைப்பாளியை நாள்தோறும் உருவாக்கித் தரும் உழைப்பு கணக்கில் வருவதில்லை.

கித்யாங்கிகளிடமிருந்து பிரிந்த கித்ஸெராய்கள் இன்னொரு வழியைத் தேர்ந்தார்கள். அவர்கள் குடியிருக்கும் லிம்போவில் நெருப்பும் நீரும் மண்ணும் ஓயாமல் கலங்கிக்கொண்டே இருக்கும். மனத்தை ஒருமுகப்படுத்தி அந்தக் கலக்கத்தில் மடங்களை எழுப்பி நிறுத்துகிறார்கள். ஓரிடத்தை ஒருவர் நிலைப்படுத்தினால் அது 24 மணி நேரம் தாங்கும் என்கிறது விதி. பெருக்கிய தரையில் மறுநாளும் தூசு படிவது போலத்தான். பராமரிப்பே உயிர்வாழ்தல் என்று இவ்விளையாட்டு ஒப்புக்கொள்ளும் அரிய இடம் இது. ஆனாலும் துடைப்பம் பிடிக்கும் கைக்குக் கிடைக்காத மரியாதை இங்கே தவத்துக்குக் கிடைக்கிறது. அதே வேலையை மடத்தில் செய்தால் துறவு, வீட்டில் செய்தால் கடமை.

தமிழ் படித்த எனக்கு இவ்விடத்தில் மணிமேகலை நினைவுக்கு வராமல் இருக்காது. மணிபல்லவத் தீவில் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுருக் கொள்வது, வானில் செல்வது, பசியை ஒழிப்பது. ஆஸ்ட்ரல் பயணிக்கு இவை போதும். காப்பியத்துக்குப் போதவில்லை. அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. அதில் முதல் பிச்சையிடுபவள் ஆதிரை என்ற இன்னொரு பெண். தன் பசி நீங்கிய பிறகும் ஊர்ப்பசி மிச்சமிருக்கிறது என்பதில்தான் மீதிக்கதை நடக்கிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தையும் ஒரு பெண்தான் ஏந்தித் திரிய வேண்டியிருக்கிறது என்ற விமர்சனத்தோடே இதைச் சொல்கிறேன்.

அன்று நான் இளகியதில் வெட்கமில்லை. பசிக்காத உலகம் களைத்தவர்கள் காணும் கனவு. ஆனால் விடுதலை என்பது என் வயிற்றுக்கும் என் அடுப்புக்கும் மட்டும் விலக்கு வாங்குவதாக இருந்தால், எங்கோ ஒரு கிரெஷில் அந்த வேலை என் கண்ணுக்குப் படாமல் தொடரும். என் வீட்டில் நான் சமைக்காத நாளில் சமைப்பவரின் பிள்ளைக்கு அன்று யார் சமைத்தார் என்பதும் இதே கேள்விதான்.

அடுத்த வாரம் எங்கள் குழு லிம்போவில் ஓரிடத்தை நிலைப்படுத்தித் தங்கியது. 24 மணி நேரம் முடிந்ததும் யார் செய்வது என்று கேட்டேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி தாளை எடுத்துக் கோடு போட்டு, ஆளுக்கொரு நாளாக முறை எழுத ஆரம்பித்தாள். என் பெயரையும் சேர்த்துத்தான்.